சங்கீத வாசிப்பை நிறுத்தலாமா? நம் ஆராதனை எதன்மேல் நிற்கிறது?

நீங்கள் கேட்டதை இப்படிப் புரிந்துகொள்கிறேன். உங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை நீண்டுகொண்டே போகிறது. சங்கீதத்தை மாறி மாறி வாசிக்கும் பகுதியை எடுத்துவிட்டு, அந்த நேரத்தைத் துதிப் பாடல்களுக்குக் கொடுக்கலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்திருக்கிறது. "சங்கீதம் பழைய உடன்படிக்கைக்கு உரியது, அதை வாசிக்கச் சொல்லிப் புதிய ஏற்பாட்டில் கட்டளை எங்கே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நீங்கள் பதில் சொல்ல முடியாமல் இங்கே வந்து எழுதியிருக்கிறீர்கள். மேலே பார்த்தால் இது நேரத்தைப் பற்றிய கேள்வி. ஆனால் ஆராதனை என்று நாம் செய்வது வேதத்தில் எதன்மேல் நிற்கிறது, அதில் சங்கீதத்துக்கு என்ன வேலை என்பதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள். நான் இறையியல் கல்லூரியில் பழைய ஏற்பாட்டை முதன்மைப் பாடமாகப் படித்தவன். அதன்பின் இருபத்திரண்டு வருஷம் தென் மாவட்டத்துக் கிராமச் சபைகளில் ஆயராக இருந்தேன். எபிரெயு வாசிப்பேன். இசை என் துறை அல்ல, அதனால் ராகம், மெட்டு பற்றிய விவாதத்துக்குள் போகமாட்டேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்த்துவிடுவோம். இன்று 'ஆராதனை' என்றாலே பாட்டு நேரம் என்று ஆகிவிட்டது. "ஆராதனை முடிந்தது, இனி தேவசெய்தி" என்று மைக்கில் அறிவிக்கிறார்கள். வேதத்தில் அந்தச் சொல்லின் பொருள் இதைவிட மிகப் பெரியது. நம் பழைய ஏற்பாட்டில் 'பணிந்துகொள்ளுதல்' என்று வருகிற எபிரெயுச் சொல், முகம் தரையில் பட விழுவதைக் குறிக்கும். 'சேவித்தல்' என்று வருவது வேலைக்காரன் எஜமானுக்குச் செய்கிற உழைப்பு. ஆதியாகமம் 2இல் நிலத்தைப் பண்படுத்துவதற்கும் அதே சொல்தான். ரோமர் 12:1இல் பவுல் 'புத்தியுள்ள ஆராதனை' என்று சொல்வது சரீரத்தை ஜீவபலியாக ஒப்புக்கொடுப்பதை. அந்த வசனத்தில் பாட்டே கிடையாது. பாட்டைக் குறைத்து மதிப்பிட இதைச் சொல்லவில்லை. கை மட்டுமே உடம்பு என்று யாராவது சொன்னால் மறுப்போம் அல்லவா, அதைப்போலத்தான்.

அடுத்து ஒழுங்கு. வேதத்தில் ஆராதனை எப்போதும் தேவன் பேசுவதில் தொடங்குகிறது. ஜனங்கள் அதற்கு மறுமொழி சொல்கிறார்கள். யாத்திராகமம் 24ஐ எடுத்து வாசித்துப் பாருங்கள். மோசே உடன்படிக்கையின் புஸ்தகத்தை ஜனங்கள் காதுகேட்க வாசிக்கிறான். ஜனங்கள் "கர்த்தர் சொன்னபடியெல்லாம் செய்வோம்" என்கிறார்கள். இரத்தம் தெளிக்கப்படுகிறது. பின் மூப்பர்கள் மலைமேல் தேவனைத் தரிசித்து, அங்கேயே புசித்துக் குடிக்கிறார்கள். வார்த்தை, மறுமொழி, உடன்படிக்கையின் இரத்தம், விருந்து. கடைசி இராப்போஜனத்தில் ஆண்டவர் பாத்திரத்தை எடுத்து உடன்படிக்கையின் இரத்தம் என்று சொன்னபோது இந்த அதிகாரத்தைத்தான் தொட்டார். அப்போஸ்தலர் 2:42இல் எருசலேம் சபை உறுதியாய்த் தரித்திருந்த நான்கும் இதன் தொடர்ச்சியே: அப்போஸ்தலருடைய உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம். ரோமாபுரியில் சுமார் கி.பி. 155இல் இரத்தசாட்சி ஜஸ்டின் எழுதிய ஞாயிறு ஆராதனை வர்ணனையும் இந்தத் தடத்தில்தான் போகிறது. அப்போஸ்தலர்களின் நினைவுக்குறிப்புகளையோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளையோ நேரம் இருக்கும்வரை வாசிப்பார்கள். நடத்துகிறவர் புத்திசொல்வார். எல்லாரும் எழுந்து ஜெபிப்பார்கள். அப்பமும் திராட்சரசமும் தண்ணீரும் கொண்டுவரப்படும். ஜனங்கள் "ஆமென்" என்பார்கள். வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். திக்கற்றவர்களுக்கும் விதவைகளுக்கும் காணிக்கை சேர்க்கப்படும். அந்தப் பத்தியில் பாட்டைப் பற்றித் தனியாக ஒரு வரியும் இல்லை. பாடவில்லை என்று இதற்கு அர்த்தமல்ல. அதே நூலில் வேறோரிடத்தில் அவர் துதிப்பாடல்களைக் குறிப்பிடுகிறார். ஆனால் ஆராதனையின் எலும்புக்கூடு எது என்று அவர் நினைத்தார் என்பது தெரிகிறது.

சரி, சங்கீதத்தின் வேலை என்ன? 95ஆம் சங்கீதத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பதினொரே வசனம். முதல் ஐந்து வசனம் பாட அழைக்கிறது: 'கெம்பீரமாய்ப் பாடி' வாருங்கள். ஏன் பாடவேண்டும் என்ற காரணமும் உடனே வருகிறது: சமுத்திரம் அவருடையது, வெட்டாந்தரையையும் அவருடைய கரம் உருவாக்கிற்று. ஆறாம் வசனத்தில் குரல் தாழ்கிறது: 'பணிந்து குனிந்து முழங்காற்படியிடக்கடவோம்'. பாடிக்கொண்டு வந்த கூட்டம் தரையில் விழுகிறது. ஏழாம் வசனத்தின் நடுவே பேச்சு மாறுகிறது: 'இன்று அவருடைய சத்தத்தைக் கேட்பீர்களாகில்'. அதன்பின் மனுஷன் வாய் திறப்பதே இல்லை. தேவன்தான் பேசுகிறார், அதுவும் கண்டிப்பாக. 'என்னுடைய இளைப்பாறுதலில் அவர்கள் பிரவேசிப்பதில்லை' என்ற ஆணையோடு சங்கீதம் நின்றுவிடுகிறது. ஆறுதலாக ஒரு வார்த்தை சேர்த்து முடிக்கவில்லை. பாடு, விழு, கேள் என்று பதினொரு வசனத்தில் ஒரு ஆராதனை ஒழுங்கே இருக்கிறது. எபிரெயருக்கு எழுதின நிருபம் 3, 4 அதிகாரங்களில் இந்தக் கடைசிப் பகுதியை எடுத்து, 'இன்று' என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு கிறிஸ்தவ சபைக்குப் பிரசங்கிக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் மடத்துக்கு எழுதிய ஒழுங்கில் ஒவ்வொரு நாளும் இரவு ஜெபத்தின் தொடக்கத்தில் இதை வைத்தார். ஆங்கிலிக்கன் ஜெபபுஸ்தகத்தின் காலை ஜெபத்திலும் இதே சங்கீதம்தான் வாசல். நம் முன்னோர் இதைக் கண்மூடிக் காப்பியடித்தார்கள் என்று யாராவது சொன்னால், இந்தப் பதினொரு வசனத்தை வாசித்துக் காட்டுங்கள்.

இப்போது உங்கள் கமிட்டி உறுப்பினரின் கேள்வி. கட்டளை இருக்கிறது. கொலோசெயர் 3:16, எபேசியர் 5:19 இரண்டிலும் 'சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் ஞானப்பாட்டுகளினாலும்' என்று வருகிறது. யாக்கோபு 5:13 மகிழ்ச்சியாயிருக்கிறவன் சங்கீதம் பாடட்டும் என்கிறது. 1 கொரிந்தியர் 14:26இல் சபை கூடிவரும்போது வருகிற காரியங்களின் வரிசையில் சங்கீதம்தான் முதலில் நிற்கிறது. ஆனால் நேர்மையாக ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். இந்த வசனங்கள் பாடச் சொல்கின்றன. ஆயர் ஒரு வசனம், சபை ஒரு வசனம் என்று வாசிக்கச் சொல்லவில்லை. அந்த முறை கட்டளை அல்ல, பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு வேதத்திலேயே வேர் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

கட்டளையைவிட எனக்கு வலுவாகத் தெரிவது ஆதிச்சபையின் நடத்தை. அப்போஸ்தலர் 4இல் பேதுருவும் யோவானும் பயமுறுத்தி அனுப்பப்பட்டு வந்ததும், சபை ஒருமனப்பட்டு ஜெபிக்கிறது. அவர்கள் வாயில் வந்தது இரண்டாம் சங்கீதம். சிலுவையில் ஆண்டவர் வாயில் வந்தது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியும், 31ஆம் சங்கீதத்தின் ஐந்தாம் வசனமும். புதிய ஏற்பாடு மிக அதிகமாக எடுத்தாளுகிற பழைய ஏற்பாட்டு வசனம் சங்கீதம் 110:1. சங்கீதம் பழைய உடன்படிக்கையோடு முடிந்துபோனதென்றால், உயிர்த்தெழுந்தபின் ஆண்டவர் சீஷர்களுக்கு ஏன் தம்மைக் குறித்து 'மோசேயின் நியாயப்பிரமாணத்திலும் தீர்க்கதரிசிகளின் ஆகமங்களிலும் சங்கீதங்களிலும்' எழுதியிருக்கிறது என்று சொல்லவேண்டும்? லூக்கா 24:44. பலி முடிந்தது உண்மை. ஆனால் பலியைப் பற்றி 'பூமியும் அதின் நிறைவும் என்னுடையவைகளே', எனக்குப் பசித்தால் உன்னிடம் சொல்லமாட்டேன் என்று 50ஆம் சங்கீதத்திலும், 'நொறுங்குண்ட ஆவி'தான் தேவனுக்கேற்ற பலி என்று 51ஆம் சங்கீதத்திலும் ஆலயம் நின்றுகொண்டிருந்தபோதே பாடிவிட்டார்கள். ஆலயத்தைத் தாண்டிப் போகும் வழியைச் சங்கீதமே முன்கூட்டிக் காட்டியது.

நிச்சயம் என்று பலர் சொல்வதில் சந்தேகமான இடங்களும் உண்டு. இராப்போஜனத்துக்குப் பின் 'ஸ்தோத்திரப்பாட்டைப் பாடி' ஒலிவமலைக்குப் போனார்கள் என்று மத்தேயு 26:30 சொல்கிறது. பஸ்காவில் 113 முதல் 118 வரையுள்ள சங்கீதங்களை யூதர் பாடுவது வழக்கம். உணவுக்குப் பின் பாடுவது அதன் பிற்பகுதி. ஆகவே அன்று பாடினது அதுதான் என்பது மிகவும் சாத்தியம். ஆனால் சுவிசேஷம் எந்தப் பாட்டு என்று பெயர் சொல்லவில்லை. அதுதான் என்றால், 118ஆம் சங்கீதத்தின் 'வீடு கட்டுகிறவர்கள் ஆகாதென்று தள்ளின கல்' என்ற வரியை, மறுநாள் தள்ளப்படப்போகிறவரே பாடியிருக்கிறார். இதை நினைக்காமல் பெரிய வியாழன் இரவில் அந்தச் சங்கீதத்தை என்னால் வாசிக்க முடிந்ததில்லை. அதேபோல், முதல் நூற்றாண்டு ஜெபஆலயங்களில் சங்கீதம் பாடினார்கள், சபை அங்கிருந்து எடுத்துக்கொண்டது என்று பல புத்தகங்கள் எழுதிவிடுகின்றன. நியாயப்பிரமாணமும் தீர்க்கதரிசனங்களும் வாசிக்கப்பட்டன என்பதற்கு லூக்கா 4, அப்போஸ்தலர் 13 என உறுதியான சாட்சி உண்டு. பாட்டுக்கு அந்த அளவு சாட்சி இல்லை. எருசலேம் ஆலயத்தில் லேவியர் பாடினதுதான் உறுதி. வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் எந்தச் சங்கீதம் என்று யூத மரபு வரிசையே வைத்திருக்கிறது: முதல் நாள் 24, ஓய்வுநாளுக்கு 92. நம் வேதாகமத்திலும் 92இன் தலைப்பில் ஓய்வுநாளின் பாட்டு என்று இருப்பதைப் பார்க்கலாம். 'சேலா' என்ற சொல் சங்கீத புஸ்தகத்தில் 71 தடவை வருகிறது. அது இசைக்குறிப்பு என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள், ஆனால் அதன் பொருளை இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. அதைப் பிரசங்கத்தில் 'நின்று தியானி' என்று அடித்துச் சொல்லாமல் இருப்பது நல்லது.

'சங்கீதங்கள், கீர்த்தனைகள், ஞானப்பாட்டுகள்' என்பவை மூன்று வகையா என்பதும் தீராத கேள்வி. இந்த மூன்று சொல்லும் கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் சங்கீதங்களின் தலைப்பிலேயே வருகின்றன, ஒரே சங்கீதத்தின் தலைப்பில் மூன்றும் சேர்ந்து வருகிற இடமும் உண்டு. இதை வைத்துத்தான் ஸ்காட்லாந்துப் பாரம்பரியத்தில் வந்த சில சபைகள் 150 சங்கீதங்களைத் தவிர வேறெதையும் பாடுவதில்லை. அந்த வாதத்தை மதிக்கிறேன், ஏற்கவில்லை. 'கர்த்தருக்குப் புதுப்பாட்டைப் பாடுங்கள்' என்று சங்கீதமே சொல்கிறது. வெளிப்படுத்தல் 5இல் பரலோகம் புதிய பாட்டைப் பாடுகிறது. தமிழில் கொலோசெயர் 3:16க்கு ஒரு தனி அழகு இருக்கிறது. ஜெர்மன் மெட்டில் வந்த பாட்டுகளை 'ஞானப்பாட்டு' என்றும், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்றோர் நம் ராகங்களில் இயற்றியவற்றைக் 'கீர்த்தனை' என்றும் பெயரிட்டு, அந்த ஒரே வசனத்தின் சொற்களாலேயே நம் பாட்டுப் புத்தகங்களைப் பிரித்து வைத்திருக்கிறோம். மூன்றில் முதலாவதாக நிற்கிற சொல்லைத்தான் இப்போது எடுத்துவிடலாமா என்று கேட்கிறோம்.

இனி எனக்கு மிக முக்கியமானது. 150 சங்கீதங்களில் புலம்பலும் முறையீடும் எத்தனை என்று எண்ணுகிறவர்களின் கணக்கு கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். ஆனால் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவதில்லை. உங்கள் சபையில் போன மாதம் பாடிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதில் எத்தனை, தேவனிடம் "ஏன்?" என்று கேட்கிறது? ஒரு கிராமத்தில் நான் இருந்தபோது, ஏழு வயது மகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த ஒரு தாய் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்குப் போனேன். விசுவாசம் போய்விட்டதோ என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அவர் சொன்னது: "விசுவாசம்லாம் இருக்கு ஐயா. அரை மணி நேரம் கைதட்டிப் பாடணும்லா, அது என்னால முடியல." நான் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. 88ஆம் சங்கீதத்தை வாசித்தேன். குழியில் இறங்குகிறவனைப் போல ஆனேன், உமது முகத்தை ஏன் எனக்கு மறைக்கிறீர் என்று போகிற சங்கீதம். பாதியில் அழுதார். முடிந்தபின் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கடைசில ஒண்ணுமே சரியாகலியே ஐயா, இது வேதத்துலயா இருக்கு?" என்று கேட்டார். இறையியல் கல்லூரியில் என் வகுப்பில் நாங்கள் பல வாரம் படித்துக் கண்டுபிடித்ததை அவர் ஒரே வாசிப்பில் கண்டுபிடித்துவிட்டார். புலம்பல் சங்கீதங்கள் கிட்டத்தட்ட எல்லாம் கடைசியில் துதிக்குத் திரும்பும், 88 திரும்பாது. எபிரெயுவில் அதன் கடைசிச் சொல் 'இருள்'. அது இருளிலேயே நிற்கிறது, ஆனால் இருளில் நின்றுகொண்டு தேவனிடம்தான் பேசுகிறது. அப்படி ஒரு ஜெபத்தைச் சபையின் வாயில் தேவனே போட்டுக் கொடுத்திருக்கிறார்.

பாட்டுகளை நாம் தேர்ந்தெடுக்கிறோம். நம் மனநிலைக்கும் ரசனைக்கும் ஏற்றதைத்தான் தேர்ந்தெடுப்போம், அது இயற்கை. வரிசையாக வாசிக்கிற சங்கீதத்தை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. மகிழ்ச்சியாக இருக்கிறவன் வாயிலும் அன்று 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று வரும். அவன் தனக்காக அதைச் சொல்லவில்லை, நான்கு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருக்கிறவருக்காகச் சொல்கிறான். அவருக்குத் துதிக்க முடியாத வாரத்தில் சபை அவருக்காகத் துதிக்கும். இதுதான் மாறி மாறி வாசிப்பதன் பயன் என்று நான் கண்டிருக்கிறேன்.

எதிரிகளை அழிக்கும்படி தேவனிடம் கேட்கிற சாபச் சங்கீதங்களைப் பற்றியும் நீங்கள் கேட்டிருந்தீர்கள். 139ஆம் சங்கீதத்தை 18ஆம் வசனத்தோடு நிறுத்தி, துன்மார்க்கனை நீர் அழித்தால் நலமாயிருக்கும் என்கிற இடத்தை விட்டுவிடும் பழக்கம் எனக்கே பல வருஷம் இருந்தது. கத்தோலிக்க சபையும் 1970இல் திருத்திய தன் நாள்ஜெபப் புத்தகத்தில் 58, 83, 109 ஆகிய மூன்றையும் முழுவதுமாக விட்டுவிட்டது. அதன் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இப்போது என் மனம் வேறு பக்கம் சாய்கிறது. பழிவாங்கும் ஆசையைக் கையிலெடுக்காமல் தேவன் கையில் கொட்டுகிற ஜெபம் அது. அநியாயத்துக்கு உட்பட்டவன் வாயை நாம் அடைக்கலாகாது. ஞாயிறு ஆராதனையில் பிள்ளைகள் நடுவே விளக்கம் இல்லாமல் வாசிக்கலாமா என்றால், தயங்குவேன். இதில் நல்ல விசுவாசிகள் வேறுபடுகிறார்கள். வாத்தியங்கள் பற்றி ஒரே வரி: 150ஆம் சங்கீதம் தாராளமாக அழைக்கிறது, புதிய ஏற்பாடு கட்டளையிடவும் இல்லை தடுக்கவும் இல்லை, ஆதிச்சபையும் இன்றுவரை பெரும்பாலான கிழக்கு ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளும் குரலால் மட்டுமே பாடின. இதை வைத்துச் சபையில் சண்டை போடாதீர்கள்.

மாறி மாறிச் சொல்லும் முறையின் வேர் எங்கே என்று சொல்வதாகச் சொன்னேன். சங்கீத வசனம் பெரும்பாலும் இரண்டு பாதியாக அமைந்திருக்கிறது. ஒரு பாதி சொன்னதை மறு பாதி வேறு விதமாகத் திருப்பிச் சொல்லும். 136ஆம் சங்கீதத்தில் 'அவர் கிருபை என்றுமுள்ளது' என்ற மறுமொழி 26 தடவை வருகிறது. அதை ஒருவர் மட்டும் படித்தால் அலுப்பாயிருக்கும், கூட்டம் பதில் சொன்னால் அலைபோல எழும்பும். சுமார் கி.பி. 112இல் பித்தினியாவின் ரோம ஆளுநர் பிளினி, பிடிபட்ட கிறிஸ்தவர்களை விசாரித்துப் பேரரசனுக்கு எழுதினான். விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தேவனாக எண்ணி, தங்களுக்குள் மாறி மாறி ஒரு பாடலைச் சொல்வார்கள் என்று அதில் குறிப்பிடுகிறான். அது சங்கீதமா, புதுப் பாட்டா, விசுவாசப் பிரமாணம் போன்ற வாசகமா என்பது அவன் பயன்படுத்திய லத்தீன் சொல்லிலிருந்து முடிவாகாது. மாறி மாறி என்பது மட்டும் தெளிவு. நம் கத்தோலிக்கச் சகோதரர் திருப்பலியில் முதல் வாசகத்துக்குப் பின் பாடும் பதிலுரைப் பாடலும், நடுநடுவே மக்கள் சொல்லும் பல்லவியும் இதே வழிதான். எல்லாவற்றுக்கும் முன்னால் எஸ்றா 3 இருக்கிறது. பாபிலோனிலிருந்து திரும்பினவர்கள் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்டபோது, அதே 'கிருபை என்றுமுள்ளது' என்ற வரியை மாறிமாறிப் பாடினார்கள். முந்தின ஆலயத்தைப் பார்த்திருந்த முதியோர் சத்தமிட்டு அழுதார்கள், மற்றவர்கள் ஆர்ப்பரித்தார்கள். எது சந்தோஷச் சத்தம், எது அழுகையின் சத்தம் என்று பகுத்தறியக்கூடாதிருந்தது என்கிறது 13ஆம் வசனம். யாரும் அழுகிறவர்களை அமர்த்தவில்லை.

ஆகவே உங்கள் கமிட்டிக்கு என் ஆலோசனை இதுதான். வாசிப்பை எடுத்துவிடாதீர்கள், வாசிக்கும் விதத்தை மாற்றுங்கள். நம்மில் பலர் அதை ரயிலைப் பிடிக்கப் போகிற அவசரத்தில் வாசித்து, அது உயிரற்றது என்று நாமே தீர்ப்புச் சொல்கிறோம். வாரத்துக்கு ஒரு சங்கீதம் என்று வரிசையாகப் போனால் மூன்று வருஷத்துக்குள் 150ம் முடியும். 119ஐ மட்டும் துண்டாக்க வேண்டிவரும். வாசிக்குமுன் ஆயர் இரண்டே வாக்கியத்தில் இது யார் நிலையில் நின்று சொல்லப்படுகிறது என்று சொல்லட்டும். வசனத்தின் நடுவில் ஒரு மூச்சு நிற்கட்டும். பாடகர் குழுவுக்கு மனமிருந்தால் மாதம் ஒன்றை மெட்டமைத்துப் பாடட்டும். கமிட்டியின் கவலை நேரம் என்பதால், 13ஆம் சங்கீதத்தில் தொடங்குங்கள். 'எதுவரைக்கும்' என்று நான்கு தடவை கேட்டுவிட்டு 'அவரைப் பாடுவேன்' என்று முடிகிற ஆறே வசனம். எவ்வளவு நிதானமாக வாசித்தாலும் இரண்டு நிமிஷம் ஆகாது.